கைச்சல் பூ

தேசிக்காய்த் தோலைக் காயவைத்து இடித்தால் சட்டி மினுக்கலாம். காய்ந்த பாணைத் தூளாக்கினால் மீன் பொரிக்கலாம். பால் பெட்டியின் தலையை வெட்டிவிட்டால் கறிவேப்பிலைக் கன்று வைக்கலாம். தேய்ந்த காலுறைக்குள் வெங்காயத்தைப் போட்டுத் தொங்கவிடலாம்.

அந்த அக்கா எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் எனக்குச் சொன்னவை இவை. நான் கேட்டுச் சொன்னவை அல்ல. நான் எதையாவது எறியப் போகும்போது கையைப் பிடித்துச் சொன்னவை. "பொறு பிள்ளை, உதுக்கு ஒரு வேலை இருக்கு" என்பார். பிடிக்கிற பிடி இறுக்கமாக இருக்கும். ஒரு பிளாஸ்டிக் பைக்காக இப்படிப் பிடிப்பார்களா என்று எனக்கு எரிச்சல் வரும். காலையில் பார்த்தால், நான் ஒளித்து எறிந்த பைகூடக் கழுவப்பட்டு, பல்கனிக் கொடியில் தொங்கும்.

அவருடைய பெயரை எழுதாமல் விடுகிறேன். இத்தாலியில் நாங்கள் இருந்த கால்சா என்ற பகுதியில் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அவர் வெறும் அக்காதான். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நானும் என் கணவரும் ஓர் அறையிலும், அக்கா சமையலறைக்குப் பக்கத்துச் சிறிய அறையிலுமாக இருந்தோம். அந்த அறையில் ஒரு கட்டில். கட்டிலைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு அவர் எடுத்து வைத்த பொருட்கள். கட்டிலுக்குப் போக ஓர் ஒற்றையடிப் பாதை. எல்லாம் துப்புரவாக, கட்டி, அடுக்கித்தான் இருக்கும். ஊத்தை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த அறையில் அதிக நேரம் நின்றால் மூச்சு முட்டும்.

நாற்பது வயதிருக்கும். மெலிந்த, நெடுத்த மனுசி. நித்திரை கொள்ளமாட்டார். கண்ணுக்குக் கீழே கரியால் இழுத்ததுபோல் ஒரு கோடு. "நித்திரை வராதோ அக்கா?" என்று கேட்டால், "வரும், வரும். இஞ்சை வாற வழி அதுக்குத் தெரியேல்லை" என்பார். சிரிக்கமாட்டார்.

வியா மக்வேதா என்ற பெருந்தெருவுக்குப் பின்னால், ஒடுங்கிய தெரு ஒன்றில், கப்பலில் இஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்ற கிழவர் ஒருவரின் வீட்டில் அவருக்கு வேலை. சமையல், துப்புரவு, மருந்து கொடுப்பது எல்லாம் அவர்தான். கிழவரை அவர், ஐயா என்பதற்கு இத்தாலியர் சொல்வதுபோல், சின்னோரே என்பார். நாங்களும் அப்படியே சொல்லப் பழகினோம். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் மிலானோவில். மற்றபடி வீட்டில் இருந்தது நெரோ என்ற கறுப்பு நாய், அதுவும் கிழடு.

சின்னோரேக்கு ஒரு விசர் இருந்தது. வீட்டிலேயே பியர் காய்ச்சுவார். வைன் குடிக்கிற ஊரில் பியர் காய்ச்சுகிற கிழவரை அயலவர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். வடக்குத் துறைமுகங்களில் பழகியதாம். முளைக்கவைத்த பார்லியின் சாற்றைப் பெரிய பானையில் கொதிக்கவைத்து, அதற்குள் காய்ந்த பச்சைப் பூ ஒன்றைக் கைப்பிடி கைப்பிடியாகப் போடுவார். பியருக்குக் கசப்பையும் வாசத்தையும் கொடுப்பது அதுதான். ஒரு கொடியின் பூ. இத்தாலியனில் லுப்போலோ. அக்காவின் வாயில் அது நுழையவில்லை. முதல் நாளே ஒரு பூவைக் கடித்துப் பார்த்துவிட்டு, 'கைச்சல் பூ' என்று பெயர் வைத்துவிட்டார்.

ஜெர்மனியிலிருந்து கிழவரின் பழைய கப்பல் தோழர் ஒருவர் அந்தப் பூவைப் பெரிய பைகளில் அனுப்புவார். ஒருமுறை காய்ச்ச மூன்று நாலு கைப்பிடி போதும். ஆகவே எப்போதும் மிச்சம். காற்றுப் பட்டால், வெளிச்சம் பட்டால், சூடு பட்டால் அது கெட்டுப்போகும். பச்சை மண்ணிறமாகும், வாசம் போய்ப் பழைய சீஸ் மணக்கும். கிழவர் இதைச் சொன்ன அன்றிலிருந்து மிச்சத்தைக் காப்பாற்றுவது அக்காவின் பொறுப்பாகிவிட்டது. அவர் கேட்டு ஏற்றதல்ல, தானாக எடுத்துக்கொண்டது.

ஒருமுறை மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப் போனார். அன்றுதான் அவர் அதைக் கட்டுவதைப் பார்த்தேன். பூவைப் பைக்குள் போட்டு மேசையில் வைத்து, முழங்கையால் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்கு அழுத்திக்கொண்டே போனார். பிறகு ஒரு குடிகுழலைப் பையின் வாய்க்குள் செருகி, மிச்சக் காற்றை வாயால் உறிஞ்சினார். கன்னம் குழிந்து, கழுத்து நரம்பு புடைத்தது. பை பலகைபோல் இறுகியதும் குழலை உருவி, முறுக்கி, ரப்பரால் கட்டி, அலுமினியத் தாளில் சுற்றி, மேலே துண்டு ஒட்டித் தமிழில் மாதத்தை எழுதினார். கிழவருடைய பிரீசருக்குள் சித்திரை, ஆடி, ஐப்பசி என்று வரிசை.

"எனக்கு என் பிரீசரையே வாசிக்கத் தெரியவில்லை" என்றார் கிழவர் என்னிடம். "எந்தப் பை பழசு என்று ஒவ்வொரு முறையும் இவளைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது."

அன்று அவர் ஒரு பையைத் திறந்து மணந்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "சீஸ்! இது முடிந்துபோன கதை" என்று குப்பைக்கூடையில் போட்டார். அக்கா குனிந்து எடுத்தார். கிழவர் மறுபடி போட்டார். அக்கா மறுபடி எடுத்து, தன் உடுப்புப் பைக்குள் வைத்துக்கொண்டார். கிழவர் இருமி இருமிச் சிரித்தார்.

"இவள் என்னுடைய கப்பலில் வேலை செய்திருந்தால் கடலுக்குள் ஓர் ஆணிகூட விழுந்திருக்காது."

நான் சிரித்துக்கொண்டே தமிழில் சொன்னேன். அக்காவின் முகம் மாறிவிட்டது. போய்ப் பானையைக் கழுவத் தொடங்கினார். எனக்கு விளங்கவில்லை. கப்பல், கடல், எறிவது என்று அவரிடம் பேசக்கூடாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த மாரியில் கிழவர் நெஞ்சுச் சளியில் இறந்துபோனார். மகள் மிலானோவிலிருந்து வந்து இறங்கி வீட்டை ஒழித்தார். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். "எல்லாவற்றையும் எறி" என்று பிரீசரைக் காட்டினாராம். நாயை மாநகர நாய்க் கூட்டில் விடுவதாக ஏற்பாடு. அக்கா அன்று பின்னேரம் படியேறி வந்தபோது ஒரு கையில் பழைய போர்வையில் கட்டிய மூட்டை, மறு கையில் நெரோவின் வார். மூட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

எங்களிடம் இருந்தது சின்னப் பிரிட்ஜ். அதன் பிரீசரில் இரண்டு மீன் பொதியும் ஒரு கறிவேப்பிலைப் பையும் வைக்கலாம். என் கணவர் வுச்சீரியாச் சந்தையில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். முடிந்து வரும்போது அங்கே மிஞ்சுகிற மீனைக் கொண்டுவருவார். அன்று கதவைத் திறந்தால் மீனுக்கு இடமில்லை. பிரீசர் முழுக்கச் சித்திரையும் ஆடியும் ஐப்பசியும்.

"இது என்ன அக்கா? நாங்கள் பியர் காய்ச்சிற ஆக்களே?"

"பொறும் தம்பி. எல்லாத்தையும் பாவிச்சு முடிச்சுப்போடுவன்."

"என்னத்துக்கு? அந்தாள் செத்துப்போச்சு. மகளே எறியச் சொல்லிப்போட்டா."

"எறியேலாது."

"ஏன் ஏலாது? எல்லாத்தையும் வைச்சுக்கொண்டிருந்து என்ன காணப்போறியள்? இது வீடோ, பழைய சாமான் கடையோ?"

என் கணவர் வேலை அலுப்பில் சத்தம் போட்டார். அக்கா பிரிட்ஜ் கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார். யாரோ பறிக்க வந்ததுபோல் நின்றார். பிறகு, எங்களைப் பார்க்காமல் சொன்னார்.

"நான் ஒருக்கால் எறிஞ்சனான், தம்பி."

ஊரில் யுத்தத்துக்குத் தப்பி, சனம் கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்கு வந்த காலம். ஆமிக்கும் நேவிக்கும் நடுவில், லைட் இல்லாத வள்ளங்களில், எங்கள் ஆட்கள் அள்ளுப்பட்டுக் கடந்த காலம். அக்காவும் மகனும் ஒரு வள்ளத்தில் இருந்தார்கள். புருசன் அதற்கு முதல் வருடமே செல் விழுந்து முடிந்துவிட்டார். மகன் பள்ளிக்கூடம் சேர்க்கிற வயது. முட்டு வருத்தக்காரன், மூச்சு இழுக்கத் தொடங்கினால் பம்பும் குளிசையும் உடனே வேண்டும். நடுவழியில் வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறியது. ஓட்டி, பைகளை எறியுங்கோ, ஆள் முக்கியமோ பை முக்கியமோ என்று கத்தினான். ஆளுக்காள் எறிந்தார்கள். அக்காவிடம் ஒரே மாதிரி இரண்டு பை. ஒன்றை எறிந்தார்.

"மருந்து மற்றதுக்குள்ளை எண்டு நினைச்சன்" என்றார் அக்கா. "கரைக்கு வந்து பையைத் திறந்தால் உடுப்புத்தான் கிடக்குது. ஈரக் காத்து. அவனுக்கு இழுக்கத் தொடங்கிற்று. ஆஸ்பத்திரிக்கு உழவு மெசின் பெட்டியிலை ஏத்திக்கொண்டு போனவை. பாதி வழியிலை மடியிலை பாரம் கூடினமாதிரி இருந்தது. அவ்வளவுதான்."

என் கணவர் கையில் மீன் பையோடு அப்படியே நின்றார். பையிலிருந்து அவருடைய சப்பாத்தில் தண்ணீர் விழுந்தது. பிறகு மீன் முழுவதையும் அன்றே பொரித்தோம். பிரீசரைப் பற்றி அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை.

அக்கா சொன்னபடி முடிக்கத் தொடங்கினார். பியர் காய்ச்சுகிற இடத்து ஆட்கள் நித்திரைக்கு இந்தப் பூவைத் தலையணைக்குள் வைப்பார்கள் என்று கிழவர் எப்போதோ சொல்லியிருந்தாராம். பழைய படுக்கை விரிப்பை வெட்டிச் சின்னச் சின்னத் தலையணையாகத் தைத்து, பூவை உலர்த்தி அடைத்தார். எங்களுக்கு இரண்டு. கோயில் கும்பிடுகிற ஆட்களுக்கும், ஞாயிறு பூசைக்குப் போகிற மன்னார் ஆட்களுக்கும் வித்தியாசம் பார்க்காமல் கொடுத்தார். "தலைமாட்டிலை வையுங்கோ, நல்ல நித்திரை வரும்." சிலருக்கு வந்தது. என் கணவர் முதல் நாள் செத்தவர்போல் உறங்கினார். சிலர், வீட்டுக்குள் எலி செத்துக் கிடக்கிறதோ என்று இரண்டு நாள் தேடிவிட்டுத் தலையணையைக் கண்டுபிடித்தார்கள். திருப்பிக் கொண்டுவந்து தந்தவர்களிடம் அக்கா மறு பேச்சில்லாமல் வாங்கி, பிரித்து, பூவை எடுத்து வைத்தார்.

அவருக்கு மட்டும் நித்திரை வரவில்லை. பூவை அவித்துத் தண்ணீரைத் தேன் விட்டுக் குடித்தார். குடிக்கும்போது கண்ணை மூடி, மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்வார். அவ்வளவு கைப்பு. தலை முழுகுகிற தண்ணீரில் கலந்தார். கால் கழுவினார். வீடே ஒரு மாதிரியாக மணக்கத் தொடங்கியது. நான் வேலை செய்த வீட்டு சின்னோரா, உன் உடுப்பில் என்ன வாசம் என்று கேட்டார். பியர் என்று எப்படிச் சொல்வது?

நெரோவுக்கு இதிலெல்லாம் குறை இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு கிழமைக்குள் அது அக்காவின் காலடியை விட்டு நகராத நாயாகிவிட்டது. அறைக்குள் அந்த ஒற்றையடிப் பாதையில்தான் படுக்கும். அவர் கட்டிலில் புரண்டால் தலையைத் தூக்கிப் பார்க்கும். அக்கா அதோடு தமிழில் கதைப்பார். "ஓம் ராசா, இப்ப வாறன்." "சாப்பிட்டனியோ?" வேறு யாரோடும் அந்தக் குரலில் அவர் கதைத்து நான் கேட்டதில்லை. ஒரு காலை சமையலறைக்குப் போனபோது, அக்கா சுவரில் சாய்ந்தபடி நிலத்திலேயே உறங்கிப்போயிருந்தார். நாயின் தலை அவர் மடியில். நான் சத்தம் போடாமல் கோப்பி போடாமலே திரும்பி வந்தேன்.

வெயில் வந்ததும் அக்காவுக்கு வடகம் போடும் யோசனை வந்தது. ஊரில் வேப்பம்பூவை உளுந்து மாவில் குழைத்து வடகம் போடுவோம். இங்கே வேப்பம்பூ இல்லை. "கைச்சல்தானே வேணும், இதிலை இருக்குது" என்று அக்கா கிழவரின் பூவை உளுந்தில் குழைத்து, பல்கனியில் கழுவிய பிளாஸ்டிக் பைகளை விரித்துத் தட்டிப்போட்டார். பொரித்து வாயில் வைத்தபோது எனக்குத் தொண்டைவரை இறங்கியது கசப்பு. ஆனால் சோற்றோடும் பருப்போடும் சேர்ந்தபோது ஊர் வடகத்தின் தூரத்துச் சொந்தம்போல ஏதோ ஒன்று அதில் இருந்தது. என் கணவர் மூன்று வடகம் சாப்பிட்டார். அக்காவின் முகத்தில் அன்று ஒரு வெளிச்சம். "நான் சொன்னனான்தானே, முடிச்சுப்போடுவன் எண்டு."

பிரீசரின் அடியில், எல்லாவற்றுக்கும் பழசான ஒரு பை இருந்தது. கிழவர் இரண்டு தரம் எறிய, அக்கா இரண்டு தரம் எடுத்த அதே பை. பூ மண்ணிறமாகி, மணமும் கெட்டுப்போயிருந்தது. தலையணைக்கும் ஆகாது, குடிக்கவும் ஏலாது. அக்கா அதை மூன்று தண்ணீரில் அவித்து, பிழிந்து, கசப்பை இறக்கி வடகத்துக்குக் குழைத்தார். அவிந்த பூ வழுவழுத்து உளுந்தோடு ஒட்டவில்லை. சட்டி நிறையக் கீரை மசியல்போல் ஒரு பிண்டம்.

அதை எறிந்திருந்தால் அவர் வேறு ஆள்.

மத்தியானம் சோறு மிச்சம் இருந்தது. மீன் குழம்பும் இருந்தது. இரண்டையும் அந்தப் பிண்டத்தோடு பிசைந்து நெரோவின் கோப்பையில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் அது வெறும் கீரை மாதிரித்தான் பட்டது. நாய் மணந்துவிட்டுத் தயங்கியது. "சாப்பிடு ராசா, மீன் போட்டிருக்கிறன்" என்று அக்கா பக்கத்தில் குந்தி, கையால் ஓர் உருண்டை பிடித்து ஊட்டினார். அவர் கையால் கொடுத்தால் அது எதையும் தின்னும். கோப்பையை நக்கித் துடைத்தது.

பின்னேரம் அது படுக்கவில்லை. சுவருக்கும் கதவுக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தது. நாக்கை நீட்டி இளைத்தது. அக்கா தொட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நானும் தொட்டேன். உடம்பு அடுப்பில் வைத்த தோசைக்கல்லாகக் கொதித்தது. ஈரத் துணி போட்டோம், துணி சூடாகியது. பிரீசரில் கிடந்த பூப் பைகளை எடுத்து அதன் வயிற்றில் வைத்துக் குளிரப்பண்ணப் பார்த்தார் அக்கா. பின்னங்கால்கள் விறைக்கத் தொடங்கின. கிழவரின் மூட்டை வந்த அதே போர்வையில் கிடத்தி, என் கணவர் ஒரு தலைப்பும் நான் ஒரு தலைப்புமாகத் தூக்கிக்கொண்டு, அக்காவும் பின்னால் வர, இரண்டு தெரு தள்ளி மிருக வைத்தியரிடம் ஓடினோம்.

இளம் பெண் வைத்தியர். உடம்புச் சூட்டைப் பார்த்துவிட்டு நம்பாமல் மறுபடி பார்த்தார். ஊசி போட்டார், ஐஸ் வைத்தார். என்ன தின்றது என்று கேட்டார். நான் சொன்னேன். லுப்போலோ என்றதும் புருவத்தைச் சுருக்கி, உள்ளே போய் யாருக்கோ தொலைபேசி எடுத்தார். தனக்குப் படிப்பித்தவராம். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. அந்தப் பூ சில நாய்களுக்கு நஞ்சு, அவித்ததும் நஞ்சுதான், பலருக்குத் தெரியாது என்றார். நான் அதை அக்காவுக்குத் தமிழில் சொல்லி முடிக்க முதலே நெரோவின் மூச்சு நின்றுவிட்டது.

அக்கா நாயின் தலையில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தார். "நான் குடுக்காட்டி இது செத்திராதோ எண்டு கேள், பிள்ளை."

"வேண்டாம் அக்கா, வாங்கோ போவம்."

"கேள்."

நான் கேட்டேன். வைத்தியர் என்னைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத வயது. ஆம் என்று மெதுவாகத் தலையாட்டினார். நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அந்தக் காலத்துக் கால்சாவில், பழைய உலக யுத்தத்தில் குண்டு விழுந்த கட்டடங்கள் இடிந்தபடியே நின்றன. கூரை இல்லாத அறைகளுக்குள் அத்திமரம் வளர்ந்திருக்கும். அப்படி ஒரு வளவில் என் கணவர் கிடங்கு வெட்டி நாயைத் தாட்டார். அக்கா அழவில்லை. செங்கல் துண்டுகளைப் பொறுக்கி மேலே அடுக்கினார், வேறு நாய் கிண்டாமல் இருக்க. வீட்டுக்கு வந்து நெரோவின் கோப்பையை நெடுநேரம் கழுவினார்.

"அக்கா," என்றார் என் கணவர் தணிந்த குரலில், "இனியாவது உந்தப் பூவை எறிஞ்சுவிடுங்கோ."

அக்கா தண்ணீர்க் குழாயை மூடினார்.

"எறிஞ்சன், பிள்ளை போனான். எறியாமல் வைச்சன், இது போட்டுது. நான் என்னத்தைத்தான் செய்யிறது தம்பி? நீர் சொல்லும். நீர் சொல்லிறபடி செய்யிறன்."

அவர் உண்மையாகவே கேட்டார். பதில் வரும் என்று காத்துக்கொண்டு நின்றார். என் கணவர் அறைக்குள் வந்து என்னிடம் சொன்னார்: "அவவாலை ஏலாது. அவ வேலைக்குப் போனாப்போலை நான் கொண்டுபோய்ப் போடுறன்."

அப்படியே செய்தார். மிச்சப் பைகள், தலையணைகள், வடகம் எல்லாவற்றையும் திரட்டிக்கொண்டுபோய்த் தெரு முனையில் இருந்த இரும்புக் குப்பைத்தொட்டியில் போட்டார். அக்காவுக்கு அப்போது படி கழுவுகிற வேலை. மத்தியானம் வந்து, சமைக்க மீன் எடுக்கப் பிரீசரைத் திறந்தார். திறந்தபடி நின்றார்.

"எங்கை போட்டனீங்கள்?"

"கீழை, தொட்டியிலை" என்றேன். அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன்.

"ஐயோ! நாயள் நிக்குமே அங்கை!"

செருப்பும் போடாமல் படியிறங்கி ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். குப்பை வண்டி வந்து பல நாளாகியிருந்தது. தொட்டி நிரம்பி வழிந்து, தெருவில் பாதிவரை பைகள். மீன்காரர் கொட்டிய தலையும் குடலும் அவற்றின் மேல். இரண்டு தெரு நாய்கள் ஒரு பையைக் கிழித்துக்கொண்டிருந்தன. அலுமினியத் தாள் கிழிந்து, பச்சைப் பூ மீன் குடலோடு கலந்து கிடந்தது. அக்கா ஒரு நாயின் பிடரியைப் பிடித்து, மற்றக் கையை அதன் வாய்க்குள் விட்டார். நாய் உறுமியது. அவர் விடவில்லை. விரலால் கிண்டி, பச்சைத் துணுக்குகளை வழித்து எடுத்தார். நாய் கையைக் கடித்துவிட்டு ஓடியது. எவ்வளவு தின்றது, விழுங்கியதா இல்லையா, தெரியாது. "அதைப் பிடி, பிள்ளை, பிடி!" என்று கத்தினார். அது தெருக்களுக்குள் மறைந்துவிட்டது.

என் கணவரும் இறங்கி வந்தார். சிந்தியதைப் பொறுக்கப் பார்த்தோம். முடியவில்லை, பூ உதிர்ந்து குப்பையோடு ஒன்றாகிவிட்டது. கிழியாத பைகளை என்ன செய்வது என்று நான் அக்காவைப் பார்த்தேன். அவர் அவற்றை ஒவ்வொன்றாக வாங்கி, தொட்டிக்குள், ஆழமாக, கை எட்டும் தூரத்துக்கும் அப்பால் எறிந்தார். அவர் ஒரு பொருளை எறிவதை அன்றுதான் கண்டேன்.

பிறகு வீட்டுக்குப் போய்க் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து தொட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். கையில் தும்புத்தடி. நாய் வந்தால் எழும்பி விரட்டினார். பூனை வந்தாலும் விரட்டினார். நான் அவருடைய கையைக் கழுவித் துணி சுற்றிவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். "வண்டி வந்து போகட்டும், வாறன்" என்றார். வண்டி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பின்னேரம் பந்து விளையாடிய பிள்ளைகள், குப்பைக்குக் காவல் இருக்கிற சின்னோரா என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கீழ் வீட்டு மீன்காரி அவர்களை அதட்டிவிட்டு, அக்காவுக்கு ஒரு கோப்பி கொண்டுவந்து கொடுத்தாள். என்ன தொலைந்தது என்று என்னிடம் கேட்டாள். நாய் என்றேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

இருட்டியும் அவர் எழும்பவில்லை. என் கணவர் வேலை முடிந்து வந்து, இன்னொரு கதிரை போட்டுப் பக்கத்தில் இருந்தார். காலையில் நான் இறங்கிப் போனபோதும் அப்படியேதான் இருந்தார்கள்.

வெயில் ஏறிய பிறகுதான் குப்பை வண்டி வந்தது. தொட்டியைத் தூக்கிக் கவிழ்த்தது. தொழிலாளர்கள் தெருவில் கிடந்ததையும் வாரி அள்ளினார்கள். ஒருவர் அக்காவைப் பார்த்து, மோதிரம் ஏதாவது விழுந்துவிட்டதா சின்னோரா, தேட வேண்டுமா என்று கேட்டார். அக்கா இல்லையென்று தலையை ஆட்டினார். கையால், கொண்டுபோ என்று காட்டினார்.

வண்டி திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். அந்த இடத்தில் ஓர் ஈரக் கறையும் கொஞ்சம் மீன் செதிலும்தான் மிச்சம். வாங்கோ அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று தோளைத் தொட்டேன். அவர் வண்டி போன பக்கத்தையே பார்த்தபடி கேட்டார்:

"பிள்ளை, உதை அங்கை கொண்டுபோய்க் கொட்டுற இடத்திலையும் நாய் நிக்குமோ?"

"இல்லை அக்கா. சுத்திவர மதில் கட்டியிருக்கு."

நான் அந்த இடத்தைக் கண்டதே இல்லை.

"உயரமான மதிலோ?"

"ஓம் அக்கா. நல்ல உயரம்."